கிண்டிலுக்குப் புது எழுத்து

கேள்வி: கிண்டிலில் உள்ள தமிழ் எழுத்துரு என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. வேறொன்றை நானே ஏற்ற முடியுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பேஷாக ஏற்றலாம். கருவியைக் கணினியுடன் இணைத்து, அதிலுள்ள ‘ஃபான்ட்ஸ்’ என்னும் கோப்புறையில் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்பை இட்டுவிட்டால், புத்தகத்தைத் திறந்ததும் எழுத்துப் பட்டியலில் அது தரிசனம் தரும். கோபோ என்னும் மின்னூல் கருவியாயின் அக்கோப்புறையைத் தாங்களே சிருஷ்டிக்க வேண்டும். பிரம்மபதவி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தேர்வில்தான் விவேகம் தேவை. கல்யாணப் பத்திரிகையில் சோபிக்கும் மெல்லிய கோடுகள் மின்தாள் திரையில் சோகை பிடித்து வெளிறுவதோடு, எழுத்தைச் சிறிதாக்கியதும் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இது எந்த னகரம் என்ற சந்தேகத்தைத் தமிழாசிரியருக்கே உண்டாக்கிவிடுமாதலால், சீரான தடிப்புடையதும் இலவசமாகக் கிடைப்பதுமான நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவே உத்தமம். பிடிஎஃப் நூல்களில் மட்டும் இவ்வித்தை பலிக்காது. டிடிபி காலத்துப் பாமினி எழுத்துருவைத் தேடிப் பிடித்து ஏற்றிவிடாதீர்கள்: ஆங்கில எழுத்துகளின் ஸ்தானத்தில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றிய ஏற்பாடு அது, தங்கள் தமிழ் நாவலுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் விளையாது, ஷேக்ஸ்பியர்தான் தமிழெழுத்தில் உளறத் தொடங்குவார்.