பத்மநாபனுக்குப் பீரங்கி வார்த்தவர்கள்

1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மிரட்டியது பீரங்கியே அல்ல, வண்டியில் சாய்த்துவைத்த பனந்தடிகள்தான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை. மெய்யென்றால் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவுக்குப் போகிற புகழில் பாதி, பனை வெட்டியவனுக்குப் போகவேண்டும். மிச்சத்தை முடித்துவைத்தது நெருப்பு. டச்சு முகாமின் வெடிமருந்தில் தீப்பிடித்து, கூடவே அரிசியும் எரிந்தது. சோறில்லாமல் சண்டை எப்படி? சரணடைந்தார்கள்.

பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். நம் பாடப்புத்தகத்தில் அவர் பெரிய தளபதி. டச்சுக் கம்பெனியின் காகிதங்களைத் துருவியவர்களோ, ஆள் கீழ்மட்டச் சிப்பாய்தான் என்கிறார்கள். தோற்ற பிறகு பதவி உயர்வு வாங்கியவர்கள் உலகத்திலேயே குறைவு. மகாராஜா அவரைத் தம் படையைப் பழக்கச் சொன்னார். 'வலிய கப்பித்தான்' என்று பட்டமும் வந்தது. மாமியார் வீட்டுக்குப் போனவன் அங்கேயே உத்தியோகம் பார்த்து, குடும்பமும் நடத்திய கதை இது.

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையை அவர் புதுப்பித்துக் கட்டினார். அதற்குள்ளேயே பீரங்கியும் குண்டும் வார்க்கும் பட்டறை. இங்கேதான் நம் கொல்லர்கள் வருகிறார்கள். ஒருவர் பெயரும் ஏட்டில் இல்லாததால், நானே ஓர் ஆசாரியைப் பட்டறையில் உட்காரவைக்கிறேன். அதுவரை அவர் அடித்தது கொழு, அரிவாள், மண்வெட்டி. கூலி, அறுப்புக்கு அறுப்பு நெல். கொழு மழுங்கினால் சம்சாரி வாசலில் வந்து கத்துவான். குண்டு வியாபாரத்தில் அந்தத் தொல்லையே இல்லை. அதை வாங்கிக்கொண்டவன் குறை சொல்லத் திரும்பி வருவதில்லை. ஆனால் வீட்டில் விசாரணை வேறு மாதிரி நடந்திருக்கும்: "அரமனைக்குத் துருத்தி ஊதுதிய, நம்ம அடுப்ப யாரு ஊத?"

1750இல் இன்னொரு வேடிக்கை. மார்த்தாண்ட வர்மா நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தம்மைப் பத்மநாபதாசன் என்று அறிவித்துக்கொண்டார். ஒரே நாளில் ஆசாரியின் முதலாளி, பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள் ஆகிவிட்டார். கண்ணை மூடிப் படுத்திருப்பவருக்குப் பீரங்கி எதற்கு என்று ஆசாரி நினைத்திருப்பார், கேட்டிருக்க மாட்டார். கேட்டவர்களின் கதி அப்போது நன்றாக இல்லை.

அந்தக் கதியை நீலகண்ட பிள்ளையிடம் காணலாம். அரசுப் பணியில் இருந்தவர். டி லனாயுடன் பழகி, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடி மலையில் சுட்டுக்கொன்றார்கள். மதத்தைச் சொல்லிக்கொடுத்த கப்பித்தானோ வேலையில் தொடர்ந்தார். பீரங்கி வார்க்கத் தெரிந்தவர் யாரைக் கும்பிட்டாலும் அரண்மனை கண்டுகொள்வதில்லை. 2022இல் வத்திக்கான் தேவசகாயத்தைப் புனிதராக்கியது. கப்பித்தானுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

குடும்பம் என்றேனே, அதில் சிரிக்க ஒன்றுமில்லாத இடமும் இருக்கிறது. மகன் யோகன்னஸும் இதே படையில் சேர்ந்தான். 1765இல் களக்காட்டுச் சண்டையில் இறந்தபோது அவனுக்கு வயது 19. அப்பா அதன் பிறகும் 12 ஆண்டுகள் வேலை பார்த்தார். 1777இல் போய்ச் சேர்ந்தவரைக் கோட்டைக்குள்ளேயே புதைத்தார்கள். மனைவி மார்கரெட்டும் மகனும் அங்கேதான். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. ஏறத்தாழ 37 ஆண்டு ராஜசேவை என்று லத்தீன் கணக்குச் சொல்கிறது. ஆயுள் தண்டனையைக்கூட இவ்வளவு மரியாதையாகக் கல்லில் வெட்டலாம் என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

1956இல் மாநில எல்லை பிரித்தபோது, கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் நிர்வாகம் கேரளத்திடம் போனது. கோட்டை தமிழ்நாட்டு வனத்துறையிடம் இருக்கிறது. உள்ளே பல்லுயிர்ப் பூங்கா. திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ முகாமில் குளச்சல் வெற்றியை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆசாரியின் பேரன் பேத்திகளும் கோட்டைக்குள் போகலாம், டிக்கெட் எடுத்தால்.