மைல்சாமிகள்

ஆறு பேர் சேர்ந்து ஓட்டலில் சாப்பிட்டு முடித்திருக்கிறீர்கள். பில் வருகிறது. ஒருவருக்கு அவசரமாகக் கை கழுவ வேண்டியிருக்கிறது, இன்னொருவருக்கு போன் வந்துவிடுகிறது. அந்தப் பொன்னான வேளையில் ஒரே ஒருவர் மட்டும் பாய்ந்து பில்லைப் பிடுங்குகிறார். "நான் கார்டு போட்டுடறேன். நீங்க எல்லாரும் எனக்கு ஜிபே பண்ணிடுங்க!" வள்ளல் என்று நினைத்து நெகிழ்ந்துவிடாதீர்கள். அவர்தான் மைல்சாமி.

ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருக்கும். அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம், ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். அண்ணன் மகள் கல்யாணத்தில் மண்டப வாடகை, சமையல் காண்ட்ராக்ட், பட்டுப்புடவை பில் எல்லாவற்றுக்கும் கார்டை நீட்டுகிறவர் அவர்தான். அண்ணன் மறுநாளே பணத்தைக் கணக்கில் போட்டுவிட வேண்டும். தாலி கட்டும்போது சித்தப்பாவின் கண் கலங்கும். அது பாசமா, புடவை பில்லுக்கு ஏறிய புள்ளிகளா என்று அவருக்கே தெரியாது.

இப்படிச் சேர்ந்த கார்டுப் புள்ளிகளை, காசுக்குப் பதில் கொடுத்து டிக்கெட் வாங்கும் விமான மைலாக அவர் மாற்றுகிறார். எந்த விமானத்தின் மைல்? இங்கேதான் வேடிக்கை. நங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த மைல்சாமி ஒருவர் ஏர் கனடாவின் 'ஏரோப்ளான்' திட்டத்தில் லட்சக்கணக்கில் வைத்திருக்கிறார். கனடாவில் அவர் காலடி பட்டதில்லை. ஏர் கனடா விமானத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, ஏறும் உத்தேசமும் கிடையாது. "சொந்த மைல்ல சொந்த விமானத்துல எவன் வேணும்னாலும் போவான் சார். ஒருத்தன் மைல வச்சு இன்னொருத்தன் விமானத்துல போறதுலதான் வித்தையே இருக்கு" என்பார்.

இந்த வித்தை தமிழ்நாட்டு வாக்காளருக்குச் சுலபமாகப் புரியும். கூட்டணி, தொகுதிப் பங்கீடு, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 1997 மே 14 அன்று ஏர் கனடா, லுஃப்தான்சா, யுனைடெட், தாய் ஏர்வேஸ், எஸ்.ஏ.எஸ். ஆகிய ஐந்தும் சேர்ந்து 'ஸ்டார் அலயன்ஸ்' என்ற அணியை அமைத்தன. பின்னாலேயே 'ஒன்வேர்ல்டு', 'ஸ்கைடீம்' என்று இன்னும் இரண்டு அணிகள் பிறந்தன. ஏர் இந்தியாவுக்கு 2007-லேயே ஸ்டார் அணியிலிருந்து அழைப்பு வந்தது. 2011-ல் பேச்சுவார்த்தை நின்றுபோய், ஒருவழியாக 2014 ஜூலையில்தான் உள்ளே சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஒன்வேர்ல்டு பக்கம் போனது. அணியைத் தொடங்கிய ஐவரில் ஒருவரான எஸ்.ஏ.எஸ். 2024-ல் அப்படியே தாவி ஸ்கைடீமில் உட்கார்ந்துகொண்டது. எமிரேட்ஸ் எந்த அணியிலும் இல்லாமல் தனித்தே நிற்கிறது. ஆனாலும் ஏர் கனடாவோடு அதற்குத் தனி உடன்பாடு உண்டு. ஜப்பானின் ஏ.என்.ஏ. இருப்பது ஸ்டாரில். வர்ஜின் அட்லாண்டிக் 2023 முதல் ஸ்கைடீமில். இருந்தும் வர்ஜின் புள்ளிகளைக் கொடுத்து ஏ.என்.ஏ.வில் பறக்கலாம். இதெல்லாம் மைல்சாமிக்குத் தலைகீழ்ப் பாடம். தன் தொகுதி எம்.எல்.ஏ. இப்போது எந்தக் கட்சியில் இருக்கிறார் என்று கேட்டால் மட்டும் முழிப்பார்.

தொகுதிப் பங்கீட்டிலும் அதே கதைதான். ஜெயிக்கிற தொகுதியை யாராவது கூட்டாளிக்குக் கொடுப்பார்களா? நல்ல விலைக்கு விற்கும் சீட்டை விமானக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்ளும். விற்காது என்று தோன்றுகிற ஒன்றிரண்டைத்தான் கூட்டாளிகளின் மைல்காரர்களுக்கு ஒதுக்கும். ஸ்டார் அணியில் அப்படி ஒதுக்கும் சீட்டுகளுக்கு எழுத்து அடையாளம் உண்டு: எகானமிக்கு எக்ஸ், பிசினஸுக்கு ஐ, முதல் வகுப்புக்கு ஓ. விமானத்தில் நாற்பது இடம் காலியாகக் கிடந்தாலும் 'ஐ' பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். மைல்சாமி காலையில் பேப்பர் பிரிக்கும் முன் பார்ப்பது இந்த எழுத்துகளைத்தான். "சிகாகோ ஐ ரெண்டு!" என்று அவர் ஒருநாள் கூவியபோது, பேத்திக்கு இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டதோ என்று அவருடைய மாமியார் பதறிப்போனார். பேத்திக்கு அப்போது ஒரே குழந்தை. அதற்கும் இன்னும் ஒரு வயது முடியவில்லை.

அந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத்தான் சிகாகோ பயணம். "அப்பா, டெல்லி வழியா நானே டிக்கெட் போட்டு அனுப்பறேன்" என்று மகள் கெஞ்சினாள். கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. பிறந்தநாளன்று சீட் இல்லை. பதினைந்து நாள் முன்னால் ஒன்று இருந்தது, பத்து நாள் கழித்து ஒன்று இருந்தது.

"நட்சத்திரப்படி கொண்டாடினா கொஞ்சம் முன்ன பின்ன வருமில்ல?" என்று மனைவியிடம் பக்குவமாக ஆரம்பித்தார்.

"நட்சத்திரம் பஞ்சாங்கப்படி வரும். உங்க சீட் காலியா இருக்கற நாள்ல வர்றதுக்குப் பேரு வேற."

"சரி, நீ இந்த விமானத்துல போ. நான் பின்னாடியே வேற ஒண்ணுல வந்துடறேன்."

"முப்பத்திரண்டு வருஷமா அப்படித்தானே வாழறோம். புதுசா என்ன?"

நடு இரவில் வாடிக்கையாளர் சேவைக்கு அவர் போன் செய்வதைக் கேட்க வேண்டும். பகலில் காய்கறிக்காரரிடம் அவர் பேசும் தமிழ் எங்கே, இந்தத் தோரணை எங்கே! "ஆல்ஃபா, சார்லி, லீமா" என்று விமானி மாதிரி எழுத்துக் கூட்டுவார். இணையத்தில் சீட் தெரியும், அழுத்தினால் காணாமல் போகும். அதற்குப் 'பேய் சீட்' என்று பெயர். பேய் ஓட்டத்தான் போன். ஒரு ஏஜென்ட் இல்லை என்றால் போனை வைத்துவிட்டு மறுபடி அடிப்பார், அடுத்தவர் வேறு பதில் சொல்வார் என்ற நம்பிக்கையில். பெரும்பாலும் சொல்வார்கள்.

டிக்கெட் கிடைத்ததும் முடிந்ததா? ஆறெழுத்து பி.என்.ஆர். இரண்டு இருக்கும். ஒன்று மைல் வாங்கிக்கொண்ட கம்பெனியுடையது, மற்றது பறக்கப்போகும் கம்பெனியுடையது. இரண்டாவதைக் கேட்டு வாங்கினால்தான் ஜன்னலோர சீட் பிடிக்க முடியும். லுஃப்தான்சாவில் பறந்தாலும் டிக்கெட் எண் ஏர் கனடாவின் 014-ல் தொடங்கும், லுஃப்தான்சாவின் 220-ல் அல்ல. இந்த எண்களை மைல்சாமி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதியை அவரிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

'ஓசி டிக்கெட்' என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். வரி கட்ட வேண்டும். சில திட்டங்களில் எரிபொருள் பெயரைச் சொல்லி ஒரு பெருந்தொகையையும் கறந்துவிடுவார்கள். ஏரோப்ளான் 2020 நவம்பரில் அந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டு, கூட்டாளி விமானத்துக்குப் பதிவுக் கட்டணமாக 39 கனடா டாலர் மட்டும் வாங்குகிறது. ஏர் கனடாவை ஏறிப் பார்க்காமலே அவர் அதற்கு விசுவாசியான ரகசியம் இதுதான்.

போன நவராத்திரிக்கு அவர் வீட்டு கொலுவுக்குப் போயிருந்தேன். நாலாவது படியில், செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவே மஞ்சளாக ஒரு ரப்பர் வாத்து. பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று லுஃப்தான்சா தனிக் கட்டடமே நடத்துகிறது. 2004-ல் திறந்தது. உள்ளே தொட்டி வைத்த குளியலறை உண்டு, குளிப்பவருக்கு ஒரு ரப்பர் வாத்து உண்டு, விமானத்தின் காலடிவரை கொண்டுபோய்விட சொகுசுக் கார் உண்டு. அந்த முதல் வகுப்பு சீட்டைக் கூட்டாளிகளின் மைலுக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் காட்டுவது லுஃப்தான்சாவின் வழக்கமாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் கண்ணயரவில்லை. இன்னொரு சிக்கல், அந்தக் கட்டடம் குடியேற்றச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. கையில் அமெரிக்க விசா இருந்ததால் விமானம் மாறுவதற்கு வேறு விசா தேவைப்படாதவர், குளிப்பதற்காகத் தனியாக ஷெங்கன் விசா எடுத்தார். கைரேகை கொடுத்தார், மூன்று வருட வருமான வரிக் கணக்கு கொடுத்தார். பயண நோக்கம் 'சுற்றுலா' என்று எழுதினார். வாத்து என்று எழுதக் கட்டமில்லை.

"இது என்ன அவதாரம்?" என்று சுண்டல் வாங்க வந்த ஒரு குழந்தை கேட்டது. "அது உங்க தாத்தாவோட அவதாரம் கண்ணு" என்றார் அவர் மனைவி. மனைவி முன்னாலேயே சிகாகோ போய், பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டி, எல்லாரையும் வழியனுப்பிய பிறகுதான் வாத்தும் தாத்தாவும் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

இந்தக் குலத்துக்கு முன்னோர்கள் உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியதிலிருந்தே வம்சம் தழைத்துவருகிறது. 1999-ல் கலிபோர்னியாப் பொறியாளர் டேவிட் பிலிப்ஸ், லேபிளை அனுப்பினால் மைல் தரும் ஒரு சலுகையைக் கூர்ந்து படித்துவிட்டு, சுமார் 3,000 டாலருக்கு 12,150 கப் புட்டிங் வாங்கிப் பன்னிரண்டரை லட்சம் மைல் சேர்த்தார். புட்டிங்கைத் தர்மத்துக்குக் கொடுத்து, அங்கிருந்த தொண்டர்களைக் கொண்டே லேபிள்களைப் பிரித்து வாங்கிக்கொண்டார். வேறு சிலர் அமெரிக்க நாணயச் சாலையிலிருந்து ஒரு டாலர் நாணயங்களைக் கார்டில் வாங்கி, மூட்டையோடு வங்கியில் கட்டிக் கார்டுக் கடனை அடைத்தார்கள். 2011-ல் நாணயச் சாலை அந்த நாணயங்களுக்குக் கார்டு வாங்குவதை நிறுத்திவிட்டது. நங்கநல்லூர்க்காரர் இந்த வரலாற்றைச் சொல்லும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வார்.

இத்தனை சாமர்த்தியசாலிக்கு ஒரே ஒரு விஷயத்தில் ஆசை கண்ணை மறைத்துவிடுகிறது. செலவழிக்க மனம் வராது. "இன்னும் கொஞ்சம் சேரட்டும், ஜப்பானுக்கு ஏ.என்.ஏ. முதல் வகுப்புல போகலாம்" என்று தள்ளிப்போடுவார். ஒருநாள் விடிந்தால் அட்டவணை மாறியிருக்கும், நேற்றைய டோக்கியோ இன்றைக்குப் பாங்காக்கோடு நின்றுவிடும். கேள்வி கேட்க ரிசர்வ் வங்கி கிடையாது. இந்த நாணயத்தை அச்சடிப்பதும் மதிப்பைக் குறைப்பதும் ஒரே கைதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு ஆயுள் மூன்றே வருடம். வேறு சில திட்டங்களில் கணக்கு அசையாமல் கிடந்தால் ஆயுள் தீரும்.

மைல்சாமியைக் கேலி செய்யலாம், ஆனால் ஏமாளி என்று சொல்ல முடியாது. பிசினஸ் வகுப்பில் கால் நீட்டிப் படுத்துப் போகும் வசதியை, வீட்டு மளிகை பில்லிலிருந்து எடுத்த மனிதர் அவர். கார்டு பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்டுகிற வரைக்கும் இது நல்ல விளையாட்டு. பாக்கி வைத்தால் வட்டியே இரண்டு டிக்கெட் விலையைத் தின்றுவிடும்.

நீங்களும் மைல் சேர்ப்பவரென்றால் ஒரு வார்த்தை. மைலுக்கு வட்டி கிடையாது. பல திட்டங்களின் விதிப்படி அதை வாரிசுக்கு எழுதிவைக்கவும் முடியாது. முழங்கால் ஒத்துழைக்கிற வயதிலேயே, கிடைக்கிற சீட்டில், முடிந்தால் மனைவியையும் அதே விமானத்தில் ஏற்றிக்கொண்டு, போய்வந்துவிடுங்கள்.