பாஸ்வேர்டு பெரியவர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மாதந்தோறும் பென்ஷன் வந்து சேர்ந்துவிடுகிறது, அதிகாரம்தான் வருவதில்லை. முப்பது வருஷ காலம் கோப்புகளில் கையெழுத்திட்டும், பிறருடைய விடுப்பு விண்ணப்பங்களை நிறுத்திவைத்தும், ‘ஐயா இருக்கிறாரா?’ என்று அறைவாசலில் பலர் பவ்வியமாக விசாரிப்பதைக் கேட்டும் பழகிய ஒருவர், ஒரு மாதக் கடைசியில் சால்வையோடும் சுவர்க் கடிகாரத்தோடும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு, தம்மைக் கேளாமல் ஒரு காரியமும் நடக்கலாகாது என்னும் பழைய வாசனையை எங்கே கொண்டுபோய் வைப்பார்? முன்காலத்தில் அதற்கென்றே சில ஸ்தானங்கள் இருந்தன. கோயில் தர்மகர்த்தா பதவி இருந்தது. குடியிருப்போர் சங்கத்துப் பொருளாளர் நாற்காலி இருந்தது. ஒன்றும் வாய்க்காதவருக்கு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்சாவது இருந்தது. இப்பொழுது மோட்டார் தானே ஓடித் தானே நின்றுவிடுகிறபடியால், நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் உள்ள அடுக்ககங்களில் எத்தனையோ பெரியவர்களின் கவனம், ஹாலில் தொலைக்காட்சிக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டு பச்சை விளக்குகளைச் சிமிட்டும் ஒரு சிறிய பெட்டியின்மேல் படிந்துவிட்டது. அந்த வைஃபை ரவுட்டரின் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுவதே ஜீவித தர்மமாகக் கொண்ட ஒரு வர்க்கத்தார் நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவரைப் பார்த்தால் அனைவரையும் பார்த்த மாதிரிதான். இணைப்பு அவர் பெயரில் இருக்கும். மாதக் கட்டணத்தை அவரே கட்டுவார். கட்டின ரசீதைச் செல்போனில் படம் பிடித்து, அந்தப் படத்தை அச்சடித்துக் கோப்பில் வைத்திருப்பார். மாற்றம் செய்ய வேண்டுமென்ற உத்வேகம் அவருக்கு எப்போதும் சாயங்கால வேளையில்தான் பிறக்கும். தொலைக்காட்சியில் பக்திச் சொற்பொழிவு உச்சக்கட்டத்தை எட்டி, உபந்நியாசகர் வாயைத் திறந்தபடியே நின்றுபோக, திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்றத் தொடங்கும். இதற்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. பழைய ரவுட்டர்கள் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே மூன்று. அதற்குள் ஓர் அடுக்ககத்து ரவுட்டர்கள் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. போதாக்குறைக்குச் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் தன் ஆவேசத்தைக் காட்டுகிறது. ஆனால் பெரியவரின் மனம் இத்தகைய பௌதிக காரணங்களில் சாந்தி அடைவதில்லை. ஒரு பொருள் குறைந்தால் எடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்பது கணக்குப் பிரிவில் அவர் கற்ற சித்தாந்தம். எழுந்து சென்று வாசற் கதவை ஒரு சாண் திறந்து எதிர் பிளாட்டை நோக்குவார். அங்கே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும். அவர்கள் வீட்டு நெட் தடங்கலின்றி ஓடுகிறதென்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுமா?

அடுத்தபடி விசாரணை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், அந்த நேரத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து குடும்பத்தினரின் தலையை எண்ணி ஒத்திட்டுப் பார்ப்பார். வீட்டில் ஐந்து பேர். பட்டியலிலோ பதினொரு பெயர். தொலைக்காட்சியும், குளிர்சாதனப் பெட்டியும், வாசல் கேமராவும், பேரனுடைய டேப்லெட்டும் ஆளுக்கொரு பெயரில் ஆஜராகியிருப்பது அவருக்குப் புலப்படாது. அன்றியும் 2019-இல் வந்த ஆண்டிராய்டு 10 முதலாகவும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலாகவும் செல்போன்கள் தங்கள் அடையாள எண்ணை வலையமைப்புக்கு வலையமைப்பு மாற்றிச் சொல்லும் வழக்கத்தை மேற்கொண்டுவிட்டபடியால், சொந்த மருமகளின் போன்கூட முன்பின் அறியாத அந்நியனாக அதில் நிற்கும். ஒருமுறை நம் பெரியவர் மிகுந்த துவேஷத்தோடு தேர்ந்தெடுத்துத் தடை விதித்த கருவி, சற்று முன்பு வரை உபந்நியாசம் காட்டிக்கொண்டிருந்த அதே தொலைக்காட்சிதான்.

அவரைப் பைத்தியக்காரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மறுத்துப் பேச யாரேனும் துணிந்தால், 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னர் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவருடைய பூட்டப்படாத வைஃபை வழியாகச் சென்றதையும், ஒன்றுமறியாத அந்த மனிதர் போலீஸ் விசாரணைக்கு உட்பட நேர்ந்ததையும் அவர் எடுத்துரைப்பார். அது உண்மையில் நடந்ததுதான். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் யாரும் மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும், அறுபத்துச் சொச்சம் சேர்க்கைகளைக் கொண்ட ஒரு சிறு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே லட்சக்கணக்கில் வசப்படுத்திக்கொண்டது. ஆகவே, பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே அதன் பாஸ்வேர்டை மாற்று என்று சொல்பவரை நான் நமஸ்கரிக்கிறேன். மாற்றியதை மறுபடி மறுபடி மாற்றுவதில்தான் எனக்குப் பிணக்கு. குறித்த காலத்துக்கொருமுறை பாஸ்வேர்டை மாற்றும்படி ஜனங்களை வற்புறுத்த வேண்டாம், வெளியே கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்றினால் போதும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017-இல் தன் பழைய உபதேசத்தைத் திருத்திக்கொண்டது. இதைப் பெரியவரிடம் எடுத்துச் சொன்னேன். “அமெரிக்காவிலே எதிர் பிளாட் இவ்வளவு கிட்டத்திலே இருக்காது, சார்” என்றார்.

கிரியைகள் தொடங்கும் முறை பார்க்கத் தக்கது. ரவுட்டரை ஆணியிலிருந்து கழற்றித் தலைகீழாகக் கவிழ்ப்பார், அப்போது மின்சார வயர் கழன்றுகொள்ளும், “நெட்டை யார் அணைச்சது?” என்று உள்ளறையிலிருந்து மருமகளின் குரல் எழும். பெட்டியின் அடிப்பக்கத்துச் சீட்டில் வலையமைப்பின் பெயரும், பாஸ்வேர்டும், நிர்வாகப் பக்கத்தின் முகவரியும், எந்த மூக்குக் கண்ணாடிக்கும் அகப்படாத பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைச் செல்போனில் படம் பிடித்து, இரு விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கி, கிழித்த காலண்டர்த் தாளின் பின்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பிரதி செய்துகொள்வார். 192.168.1.1 என்பது முகவரி. தனிப்பட்ட வலையமைப்புகளின் உள் உபயோகத்துக்கென்று 1994-இல் ஒதுக்கிவைக்கப்பட்ட எண் கூட்டத்தைச் சேர்ந்ததாகையால், உலகில் கோடானுகோடி வீடுகளுக்கு இதுவே உள்முகவரி. பெரியவரோ இதைத் தம் இல்லத்துக்கு மாத்திரம் அருளப்பட்ட ரகசிய எண் என்று கருதி, தட்டும்போது திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வார். கடைசி ஒன்றுகளுக்குப் பதிலாக எல் என்ற ஆங்கில எழுத்தை இட்டுவிடுவதும் வழக்கமாகையால், பக்கம் திறவாமல் தேடல் முடிவுகள் வந்து நிற்கும். இந்தத் தவற்றைச் செய்வோர் உலகெங்கும் ஏராளம் போலும். அந்தத் தவறான முகவரிக்கென்றே விளக்கவுரைகள் எழுதிவைத்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவாறு பக்கம் திறந்து, பயனர் பெயர் என்னும் கட்டத்தில் ‘அட்மின்’ என்று தட்டுகிறபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு தேஜஸ் உண்டாவதை நான் கவனித்திருக்கிறேன்.

இனிப் புதிய பாஸ்வேர்டைக் கற்பிக்க வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையலாகாது, அறுபத்து மூன்றுக்கு மிஞ்சலாகாது என்பது விதி. நம்மவர் குலதெய்வத்தில் தொடங்கி, ஓய்வு பெற்ற தேதியில் முடித்து, இடையிலே ஒரு ‘அட்’ குறியை நிறுத்துவார். குலதெய்வம் பழனியில் எழுந்தருளியிருப்பதனால் உண்டாகும் சங்கடங்கள் கொஞ்சமல்ல. ழகரத்துக்கு எல் போடுவதா, இஸட்டும் எச்சும் சேர்த்துப் போடுவதா என்று அந்த க்ஷணத்தில் அவர் செய்த முடிவு, அடுத்த க்ஷணத்தில் அவருக்கே நினைவிராது. எழுதி முடித்து ‘சேவ்’ என்ற பொத்தானை அமுக்குவார். அமுக்கிய மாத்திரத்தில், எந்த வைஃபையின் வழியாக அவர் உள்ளே வந்தாரோ அந்த வைஃபை அவருடைய செல்போனையே முதற்காரியமாக வெளியே தள்ளிவிடும். நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டினதாகச் சொல்லப்படும் காளிதாசனுக்குப் பின்னாலேனும் சரஸ்வதி கடாட்சம் கிட்டியது. நம்மவருக்குக் கிட்டுவது, ‘பாஸ்வேர்டு தவறு’ என்ற அறிவிப்புத்தான்.

ரவுட்டரில் இரண்டாவது அலைவரிசை ஒன்றும் உண்டு. அதன் பெயரின் வாலில் ‘5ஜி’ என்று ஒட்டியிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம் அது. செல்போன் கோபுரத்து ஐந்தாம் தலைமுறைக்கும் அதற்கும் எவ்வித பாந்தவ்யமும் இல்லை. ஆயினும் பெரியவர் அதைத் தேகாரோக்கியத்துக்கு விரோதமான ஏதோ கதிர்வீச்சென்று நிச்சயித்து, அதன் பக்கமே போவதில்லை. வருஷக் கணக்காக மகனும் மருமகளும் அந்த மாறாத வரிசையில், ஆரம்பத்தில் வைத்த பாஸ்வேர்டோடு நிம்மதியாக வாழ்ந்துவருகிறார்கள். சுவர்களைத் தாண்டும் சக்தி அதற்குக் குறைவு என்பது ஒன்றுதான் குறை. மடிக்கணினியோடு பால்கனிக்கு வருகிறபோது மட்டும் மருமகள் பிடிபட்டுவிடுவாள்.

“மாமா, மறுபடியும் மாத்திட்டீங்களா? மீட்டிங்ல இருக்கேன்!”

இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை பிரயாசையும்! பெரியவர் பதற்றம் காட்டுவதில்லை. ஈஸிசேரிலிருந்து எழுந்து, பூஜை அலமாரியைத் திறந்து, டைரியை எடுத்து, கண்ணாடியைத் தேடி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஒவ்வோர் எழுத்தாகத் தாரை வார்ப்பார். “பி பெரிசு. ஏ சின்னது. அவசரப்படாதே. எழுதிக்கிறியா, நேரா அடிக்கிறியா?” என்பார். பின்னர்ப் பேரன் வருவான். அடுத்து, கேமரா தெரியவில்லையென்று பெங்களூரிலிருந்து மூத்த மகன் போன் செய்வான். எல்லாரும் அந்த ஈஸிசேரைச் சுற்றி நிற்பார்கள். தொலைக்காட்சிக்கு மட்டும் பெரியவரே நேரில் தீட்சை கொடுத்தாக வேண்டும். ரிமோட்டின் அம்புக்குறியை மேலும் கீழும் இடமும் வலமும் அமுக்கி, திரையில் விரிந்த எழுத்துக் கட்டங்களில் ஒவ்வொன்றாய் ஊர்ந்து, பதினாறாம் எழுத்தில் ஒரு கட்டம் தவறி, திருத்தப்போய் முழுவதையும் அழித்து, ஆதியிலிருந்து தொடங்கும் அந்தக் காட்சி உபந்நியாசத்தைவிட நீண்டது.

அவருடைய தர்மபத்தினி மாத்திரம் அவரிடம் எழுத்துக் கேட்பதில்லை. இணைந்திருக்கும் ஒரு செல்போன், பாஸ்வேர்டை வாயால் சொல்லாமலே ஒரு சதுரப் புள்ளிக் கோலத்தைக் காட்டி இன்னொரு செல்போனை உள்ளே அழைத்துக்கொள்ளும் வசதி ஆண்டிராய்டில் சில வருஷங்களாகவே இருக்கிறது. பேரன் சொல்லிக்கொடுத்த அந்த வித்தையை அம்மாள், ‘யாரிடமும் பாஸ்வேர்டு சொல்லக் கூடாது’ என்ற பதியின் ஆக்ஞையை அட்சரம் பிசகாமல் அனுசரித்துக்கொண்டே, வேலைக்கு வரும் பெண்ணுக்கும், சங்கீதம் கற்றுக்கொள்ள வரும் குழந்தைகளுக்கும், எதிர் பிளாட் அம்மாளுக்கும் பிரயோகிக்கிறாள்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வைஃபையின் பாஸ்வேர்டு ஒன்று, நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறொன்று என்ற பேதம் பெரியவருக்கு என்றுமே தெளிவாக இருந்ததில்லை. அபேதமாகக் கருதிப் பின்னதை மாற்றி, மாற்றியதை டைரியில் எழுதாமல் மனத்தில் மட்டும் குறித்துக்கொண்டதன் பலனாக, அட்மின் என்று தட்டியும் கதவு திறக்கவில்லை. இத்தகைய ஆபத்துக் காலங்களில் அவர் அழைப்பது அதே மாடியில் குடியிருக்கும் ஒரு கல்லூரிப் பையனை. பையன் வந்து, சிம் கார்டு எடுக்கும் ஊசியை ரவுட்டரின் பின்புறத் துவாரத்தில் செருகிப் பத்து விநாடி அழுத்தினான். விளக்குகளெல்லாம் அணைந்து எரிந்தன. பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குத் திரும்பியது. பழைய பாஸ்வேர்டுகளோடு, இணைப்பு நிறுவனம் கொடுத்திருந்த பயனர் பெயரும் போயிற்று.

“ஐயோ, நெட்காரப் பையன் நாளைக்குத்தானே வருவான்?” என்று பெரியவர் கலங்கினார்.

“வேண்டாம் அங்கிள், போன தடவையே நான் நோட் பண்ணி வச்சிருக்கேன்” என்றான் பையன்.

அந்த ஜாக்கிரதையைப் பெரியவர் மனமாரப் பாராட்டினார். புதிய பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டிய தருணம் வந்ததும் மனைவியைச் சமையலறைக்கு அனுப்பினார். மருமகளின் அறைக்கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்திவிட்டு, பையனின் காதோரம் குனிந்து எழுத்தெழுத்தாக ஓதினார். பையன் தட்டிக்கொண்டான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? முதலில் தன் செல்போனிலேயே இணைத்துப் பார்த்தான். இணைந்தது.

“தம்பி, இது நமக்குள்ளேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் சொல்லாதே.”

“சரி அங்கிள்.”

அந்தச் சமயத்தில் எதிர் பிளாட் கதவு திறந்து, பையனின் தாயார் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “டேய், நெட்டு வந்துடுச்சாடா?”

பையன் வாய் திறப்பதற்குள் பெரியவர் வாசலுக்கு விரைந்து சென்று, பரம சந்தோஷத்தோடு பதில் சொன்னார்: “வந்துடுச்சும்மா! இப்பத்தான் மாத்தினோம்!”