பனியில் கருகிய சித்தூர்க்காரர்

மணாலி போய்த் திரும்பிய சித்தூர்க்காரரை மூக்கை வைத்தே அடையாளம் காணலாம். சீவிக்கொண்டிருக்கும்போது பாதியில் விட்டுப்போன கிளிமூக்கு மாங்காய் போல அது உரிந்திருக்கும். கண்ணைச் சுற்றி மட்டும் பழைய நிறம். அது கறுப்புக் கண்ணாடி காத்த இடம். மற்ற முகமெல்லாம் தோசைக்கல். சித்தூர், பாகாலா, திருப்பதி என்று ரயில்பாதை நெடுக இந்த இனம் காணப்படும்.

இவர் பேச்சு ஒரே வாக்கியத்தால் ஆனது: "நம்ம ஊரு வெயில்லயே காஞ்சவங்க நாம!" மே மாதத்து 43 டிகிரியைத் தாங்கிய தோலைப் பனி என்ன செய்துவிடும் என்பது சித்தாந்தம். "ஏங்க, கொஞ்சம் தடவிக்கிட்டாத்தான் என்ன?" என்று மனைவி சன்ஸ்கிரீனை நீட்டும்போது சொல்வார். டில்லி ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம், அவர் கேட்காமலே சொல்வார். மணாலியை அடுத்த சோலாங்கில் காலுக்கு ஸ்கீ கட்டிவிடும் பையன் முகத்தை மூடச் சொல்லி இந்தியில் எச்சரித்தால், தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் சொல்வார். பையன் சிரித்துவிட்டு அடுத்த ஆளின் பூட்ஸுக்குப் போய்விடுவான். சறுக்குவது மொத்தம் இருபதடி. மிச்ச மூன்று மணி நேரமும் பனியில் உட்கார்ந்து போட்டோ.

சூடு வேறு, தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் வேறு. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சோலாங் ஏறத்தாழ 2,500 மீட்டரில் இருக்கிறது. போதாததற்கு, புதுப் பனி தன்மேல் விழும் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். மோவாயின் அடி, மூக்குத் துவார விளிம்பு என்று சித்தூர்ச் சூரியன் எட்டிப்பார்க்காத இடமெல்லாம் வேகும். குளிர்காற்றில் வெந்தது தெரியாது. ராத்திரி முகத்தில் வெந்நீர் பட்டதும் தெரியும். கறுத்த தோலின் மெலனின் ஓரளவுதான் காக்கும். வெள்ளை திருப்பியடிக்கும் என்பது இவருக்குப் புதிதும் அல்ல. திருமலைக் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் வெள்ளைப் பூச்சு பூசுவதும், வெயிலைத் திருப்பியடித்துத் தரையின் சூட்டைக் குறைக்கத்தான். அதன்மேல் பார்த்துப் பார்த்து வெறுங்காலில் நடந்தவர்தான் இவர். பாதத்துக்குத் தெரிந்த விஷயம் தலை வரை ஏறவில்லை.

இவரில் முற்றிய வகை, சாமிக்கு முடி கொடுத்த கையோடு மணாலிக்குக் கிளம்பிய மொட்டை. குல்லாய் அரிக்கிறதென்று கழற்றிப் பையில் வைத்திருப்பார். அதிகம் விவரிக்க வேண்டாம்.

ஊர் திரும்பினாலும் சித்தாந்தம் மாறாது. "இது வெயில் இல்லப்பா, பனி கடிச்சது" என்று ஆபீசில் விளக்கம் வரும். கூடவே செல்போனில் படங்கள் வரும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பேசும்போது மூக்கைச் சொறிகிறார். உரிந்த தோல் பக்கத்து மேஜைக்காரரின் லெட்ஜர்மேல் விழுகிறது. ஊதித் தள்ளினால் கோபித்துக்கொள்கிறார்.

ராத்திரி மனைவி சோற்றுக் கற்றாழையைக் கீறி, வழுவழுப்பை முகத்தில் தடவும்போது மட்டும் வாக்கியம் வெளிவருவதில்லை. வாயைத் திறந்தால் மோவாய் எரியும்.