செஞ்சி நோக்கி ஒரு புளியோதரைப் படையெடுப்பு

மலைக்கோட்டை என்பது வேண்டாதவர்கள் மேலே ஏறி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கட்டப்பட்ட அமைப்பு. குடும்பச் சுற்றுலா என்பதோ, எழுபதைத் தாண்டிய பாட்டி முதல் இடுப்புக் குழந்தை வரை ஒருவர் விடாமல் அங்கே ஏற்றிவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் பிறப்பது. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையில் இவ்விரண்டும் விடுமுறை நாள்களில் நேருக்கு நேர் மோதுகின்றன என்றாலும், வரலாறு எழுதியோர் மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரோடு படையெடுப்புப் பட்டியலை முடித்துக்கொண்டுவிட்டனர்.

முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை, அதாவது கோட்டையைச் சுற்றி வளைத்து உள்ளே சோறு தண்ணீர் போகவிடாமல் தடுக்கும் போர்முறை, 1698இல்தான் முடிந்தது. அதற்குள் உள்ளே இருந்த சிவாஜியின் மகன் இராஜாராம் நழுவிவிட்டார். இத்தகைய கோட்டையைச் சென்னைக் குடும்பம் ஒரே பகலில் முடித்துவிட்டு இராச்சாப்பாட்டுக்கு வீடு திரும்பத் திட்டமிடுகிறது. 'காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிட வேண்டும்' என்ற தீர்மானத்தில் வரும் ஐந்து மணி, கடிகாரத்தைக் குறிப்பதன்று. பாட்டியின் குளியல், அத்தையின் பூத்தொடுப்பு, டீ குடிக்கப் போன வேன் ஓட்டுநரைத் தேடப் போனவரைத் தேடுதல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய, எட்டரை வரை நீளக்கூடிய ஒரு காலப்பகுதி அது.

படை வயிற்றால் நடப்பது என்பதை அறிந்தே அரசர்கள் செஞ்சியில் பெரிய களஞ்சியத்தைக் கட்டிவைத்தனர். குடும்பத்தில் அப்பொறுப்பைக் கட்டுச்சோறு, அதாவது வழியில் உண்ண மூட்டையாகக் கட்டிச் செல்லும் சோறு, ஏற்கிறது. புளியோதரையில் கருத்து வேறுபாடு எழுவதில்லை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் அது மறுநாள் வரை தாங்கும். தகராறு தயிர்சாதத்தில்தான். சோற்றைக் குழையப் பிசைந்து, ஆறிய பாலை ஊற்றி, ஒரேயொரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மதியத்துக்குள் புளிக்காது என்பது பாட்டியின் கட்சி. அப்படியென்றால் அது பால்சாதம் என்பது மருமகளின் கட்சி. இதில் இரண்டு தலைமுறைகளாகச் சமாதான உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகவில்லை; ஆகவே இரண்டு தூக்குகள் செல்கின்றன.

வழித்துணையாக வரும் வரலாறு பெரியப்பாவுடையது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக அறிவித்த மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே என்ற செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் அவரே. செஞ்சியை ஆண்ட தேஜ்சிங் என்னும் புந்தேல இராஜபுத்திரர் தமிழர் வாயில் தேசிங்குராஜன் ஆனார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் பொருதி 1714இல் இளவயதிலேயே மாண்டார். ஓராண்டுகூட ஆளாத அவரைப் பற்றித் திண்டிவனத்தில் தொடங்கும் பெரியப்பாவின் கதையில், வேன் கோட்டை வாசலில் நிற்கும்போதும் தேசிங்கு குதிரையைத்தான் அடக்கிக்கொண்டிருப்பார்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளில் உயரமானதும் ஏறக்குறைய 800 அடி கொண்டதுமான இராஜகிரியையே குடும்பம் தேர்ந்தெடுக்கும்; ஏனென்றால் எதிர்வீட்டுக்காரர்கள் ஏறியிருக்கிறார்கள். படிகள் தம் பழைய கடமையை மறக்கவில்லை. பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா என்ற கேள்வியோடு அத்தை முதல் நிழலிலேயே அமர்கிறார். முழங்கால் பெரியப்பாவைப் பாதியில் நிறுத்துகிறது. உச்சிக்குச் சற்று முன்னே பாறைப் பிளவின் மேல் கிடக்கும் சிறு பாலம், எதிரி வந்தால் வழியைத் துண்டிப்பதற்கென அமைந்தது, கீழே எட்டிப் பார்த்த மாப்பிள்ளையைத் துண்டிக்கிறது. பாட்டியோ தொடக்கத்திலேயே கல்யாண மகாலின் நிழலில் பாயை விரித்துவிட்டவர்.

உச்சியை அடைந்த பிள்ளைகள் பீரங்கியின் அருகில் நின்று படமெடுத்துக்கொண்டிருக்கும்போது அத்தையிடமிருந்து அழைப்பு வருகிறது. கோட்டையின் இன்றைய காவற்படையான குரங்குகள் மூன்று திசைகளிலிருந்து இறங்கி, புளியோதரையையும் வடாம் டப்பாவையும் கைப்பற்றிவிட்டன. தயிர்சாதத் தூக்குகள் இரண்டும், இராஜாராமைப் போல, தப்பிவிட்டன.