பள்ளிபாளையத்தில் மெக்சிகோ

கூட்டமாகச் சுற்றுலா புறப்படுகிறவர்கள் ஊர் பார்க்கப் போகிறார்கள் என்று நம்புகிறவர், ஒருமுறையேனும் அப்படிப்பட்ட கூட்டத்தில் சிக்கியிராதவராகத்தான் இருக்கவேண்டும். வேன் கிளம்பி, பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்து, அவிநாசியைத் தாண்டுவதற்குள்ளாகவே காலைப் பலகாரம் எந்த ஊரில், மத்தியானச் சாப்பாடு எந்தக் கடையில், சாயங்காலக் காப்பிக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்னும் மகா பிரச்னைகள் யாவும் விவாதத்துக்கு வந்து, அவற்றுக்கு இடையில் அகப்படுகிற கோயில், அணை, மலை முதலியவை நன்றாகப் பசி எடுப்பதற்கு உதவும் சாதனங்கள் என்ற அளவிலேயே நிகழ்ச்சி நிரலில் இடம் பெறுகின்றன.

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் விடியற்காலையில் நடை பழகும் எங்கள் கோஷ்டி இதற்கு விலக்கல்ல. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு காலத்தில் தாவர சாஸ்திரம் போதித்தவர். இன்றைக்கும் ஒரு பூச்செடியைக் கண்டால் அதன் குலம் கோத்திரம் சொல்லாமல் அப்பால் நகரமாட்டார். அவருக்கு அடுத்த ஸ்தானம் பம்ப்செட் தொழிலில் பொருள் ஈட்டிய நண்பர் ஒருவருக்கு உரியது. திருச்செங்கோட்டில் சுவாமி தரிசனம், பள்ளிபாளையத்தில் சாப்பாடு, திரும்புகையில் கொடிவேரி அணை என்று திட்டமிட்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணத்துக்குப் பம்ப்செட்காரர் தம் மகள் வயிற்றுப் பேத்தியையும் அழைத்து வந்திருந்தார். அவள் பெங்களூரில் சட்டம் படிக்கிறவள்.

"அப்புச்சி, எந்த டூர் போனாலும் இதே சோறு, இதே ரசம். ஒரு தடவையாச்சும் மெக்சிகன் சாப்பாடு சாப்பிட்டுப் பாக்கலாமில்ல?" என்று பெருந்துறையை நெருங்கும் சமயத்தில் அவள் ஆரம்பித்தாள்.

"அது என்ன பலகாரம், கண்ணு?"

மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட ரொட்டி, அதற்குள் வேகவைத்த பயறு, அதன்மேல் தக்காளியும் மிளகாயும் பொடியாக அரிந்து போட்ட ஒரு பதார்த்தம் என்று அவள் விவரித்ததை மிகுந்த பொறுமையுடன் கேட்டுக்கொண்ட பம்ப்செட்காரர், "கோழிக்குப் போடற சோளத்துல ரொட்டியச் சுட்டு, மேல தக்காளியக் கொட்டி, அதுக்குக் காசும் குடுக்கோணுமாக்கும்? அந்த நாட்டுச் சாமானெல்லாம் நம்ம வயித்துக்குச் சேராது அம்மிணி" என்று தீர்ப்பளித்தார். வேனில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஏகமனதாக அதை ஆமோதித்தோம். அந்தப் பெண் பதில் பேசவில்லை. அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

திருச்செங்கோடு, தேசமெங்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்குப் பேர்போன ஊர். அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்க 1,200-க்கும் மேற்பட்ட படிகளில் முன்னோர்கள் ஏறினார்கள். மலைப்பாதை போட்ட பிற்பாடு எங்களைப் போன்றவர்களின் பக்திக்கு டீசல் துணைநிற்கிறது. சம்பங்கியும் செண்டுமல்லியும் கலந்து கட்டிய மாலை ஒன்றைப் பம்ப்செட்காரர் பேரம் பேசி வாங்கி முடித்த தருணத்தில், பேத்தி தலைமையாசிரியரிடம் வெகு பணிவாக, "சார், இந்தச் சம்பங்கிக்குப் பூர்வீகம் எதுங்க?" என்று கேட்டாள்.

"மெக்சிகோ" என்றார் அவர், தாம் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டிருப்பது தெரியாமலே.

"செண்டுமல்லிக்குங்க?"

"அதுவும் அதே தேசந்தான் அம்மா. அந்நாட்டுப் பூர்வகுடிகள் தங்கள் தெய்வங்களுக்குச் சாத்தியது."

பம்ப்செட்காரர் கையிலிருந்த மாலையை ஒருமுறை பார்த்தார். "இது சத்தியமங்கலத்துப் பூ தானுங்களே?" என்று கடைக்கார அம்மாளை விசாரித்தார். "வெடியால வந்த சத்திப் பூவுங்க" என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் சந்நிதிக்குள் காலெடுத்து வைத்தார். சுவாமி எந்த ஆட்சேபமும் இன்றி மாலையை ஏற்றுக்கொண்டார்.

காவிரியின் ஒரு கரையில் ஈரோடும் மறு கரையில் பள்ளிபாளையமும் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. விசைத்தறியும் காகித ஆலையும் கொண்ட பள்ளிபாளையத்தின் பெயரைச் சென்னை வரையில், ஏன், கடல் கடந்தும் கொண்டு சேர்த்தது நூலுமல்ல, காகிதமுமல்ல, ஒரு கோழிக்கறி. நாங்கள் நுழைந்த மெஸ்ஸில் சமையற்கட்டு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. ஓர் அம்மாள் வரமிளகாயைக் காம்பு கிள்ளி, இரண்டாகப் பிய்த்து, முறத்தில் தட்டி விதையை உதறிக் குவித்துக்கொண்டிருந்தாள். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் அந்தத் தோல்களை அள்ளிப் போட்டு, அவை கறுப்பதற்கு ஒரு கணம் முன்னதாக, உரித்த சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் சேர்த்து வதக்கி, மஞ்சள் தடவிய கோழித் துண்டுகளைக் கொட்டி, கோழி விடுகிற நீரிலேயே பாதியும், தெளித்த நீரில் மீதியுமாக வேகவிட்டு, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும் வேளையில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைத் தூவிக் கிளறி இறக்கினார்கள். கரம் மசாலா கிடையாது. இஞ்சி பூண்டு விழுது கிடையாது. தக்காளி கிடையவே கிடையாது. இத்தனை சொற்பமான சாமான்களைக் கொண்டு இவ்வளவு பெரிய கீர்த்தியைச் சம்பாதித்த பதார்த்தம் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் கூட்டமாக உண்ண உட்காருவது என்பது லேசான காரியமா? ஒருவருக்குக் கிருத்திகை விரதம். கறிக் கரண்டி படாத சாம்பார் வேண்டும். மற்றொருவருக்குச் சர்க்கரை, சோறு வேண்டாம் என்று கம்பீரமாக அறிவித்துவிட்டு அடுத்தவர் இலையிலிருந்து நான்கு பிடி எடுத்துக்கொண்டார். வேறொருவர் காரம் ஆகாது என்று சொல்லிப் பள்ளிபாளையத்திலேயே காரமில்லாத பள்ளிபாளையம் சிக்கன் கேட்டார். பரிமாறுகிற பையன் எல்லாருக்கும், "வந்துட்டே இருக்குதுங்க" என்ற ஒரே விடையைச் சொல்லி, எல்லாருக்கும் ஒரே சாம்பாரை ஊற்றிச் சமத்துவத்தை நிலைநாட்டினான்.

கறி இலைக்கு வந்த பிறகு பேத்தி வழக்கை மறுபடியும் எடுத்தாள். "சார், இந்த வரமிளகாய்?"

தலைமையாசிரியர் உணவை நிறுத்திவிட்டு உபந்நியாசத்தைத் தொடங்கினார். மிளகுக்காக ரோமாபுரியார் பொன்னைக் கொட்டிய காலம் ஒன்று இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்த அந்தப் பழைய வியாபாரத்துக்கு வெள்ளலூரில் அகப்பட்ட ரோம நாணயங்களே சாக்ஷி. மிளகு விளையும் இந்தியாவைத் தேடி 1492-ல் புறப்பட்ட கொலம்பஸ் வழிதவறி அமெரிக்கக் கரையை அடைந்து மிளகாயைக் கண்டார். மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிராகி வந்த அந்தச் சரக்கைப் பின்னால் போர்ச்சுகீசியர் கப்பலில் ஏற்றி நம் மேற்குக் கரையில் இறக்கினார்கள். வந்த விருந்தாளி, வீட்டுக்கார மிளகை ரசத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் உரியதாக ஒதுக்கி வைத்துவிட்டு அடுப்படியை முழுக்க எழுதி வாங்கிக்கொண்டது.

"மொளகா போனாப் போகுது. கோழி நம்முளுது தானே?" என்றார் பம்ப்செட்காரர்.

"கோழி நம்முளுது தான் அப்புச்சி. தீனி?"

பல்லடத்தில் தம்பிக்குக் கோழிப்பண்ணை வைத்துக் கொடுத்திருக்கும் முன்னாள் மில் கணக்கர், தம்மை எவரும் கேளாமலே, "தீவனத்துல பெரும்பங்கு மக்காச்சோளந்தானுங்க" என்று எதிர்த்தரப்புக்குச் சாட்சியம் சொன்னார். மக்காச்சோளத்துக்கும் பூர்வீகம் மெக்சிகோதான் என்பதைத் தலைமையாசிரியர் உடனே ஊர்ஜிதம் செய்தார். வேனில் வாங்கி வைத்திருந்த சப்போட்டாவும் பப்பாளியும் அந்தப் பக்கத்துச் சரக்கே என்றும், ஆனால் நிலக்கடலை தென்னமெரிக்காவைச் சேர்ந்ததாகையால் அதை மெக்சிகோவின் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது என்றும் அவர் மேலும் கூறியது பம்ப்செட்காரருக்கு ஆறுதல் அளித்ததாகத் தெரியவில்லை.

இருந்தாலும் கொங்குநாட்டார் இலேசில் தோற்றுப்போகிறவர்கள் அல்லர். "மஞ்சள் எங்க ஊரு, தேங்காய் எங்க ஊரு, கருவேப்பிலை எங்க ஊரு. தக்காளிய இதுல சேக்கவே இல்ல, பாத்துக்கோ!" என்று அவர் இலையைச் சுட்டிக்காட்டி எதிர்வாதம் புரிந்தார். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நானும் என் பங்குக்கு எடுத்துச் சொன்னேன். சபை எங்கள் பக்கம் சாய்கிற நிலையில், கிருத்திகை விரதக்காரர் பச்சைப்புளி ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "நம்ம இலையில மெக்சிகோ கிக்சிகோ ஒண்ணுமில்லீங்க. வெறும் புளித்தண்ணி" என்று பெருமிதத்துடன் சொன்னார்.

"புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா" என்று தலைமையாசிரியர் வாயெடுத்தார். சோறு ஆறுகிறது என்று எல்லாரும் சேர்ந்து அவரை அடக்கிவிட்டோம்.

பில் வந்தது. தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்ததில் ரசம் மட்டும் சாப்பிட்டவர் மனம் நொந்து, கொடிவேரி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபியைத் தாண்டியபோது பம்ப்செட்காரர் பேத்தியின் தோளைத் தொட்டு, "செரி கண்ணு, அடுத்த மாசம் கோயமுத்தூர்லயே அந்த மெக்சிகோக் கடைக்குப் போலாம். எதுக்கும் ரசம் கிடைக்குமான்னு ஒரு போனைப் போட்டுக் கேட்டுக்கோ" என்றார்.