செத்தவர்க்கு ஊக்கம்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கருணையே கருணை. இணையத்தில் எதையும் நொடியில் நகலெடுக்கலாம் என்று ஊர் துள்ளத் தொடங்கிய 1998இல், பதிப்புரிமையை 20 ஆண்டு நீட்டியது. ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்றிருந்தது 70 ஆனது. படைப்பாளிக்கு ஊக்கம் வேண்டாமா? ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களின் படைப்புகளுக்கும் சலுகை உண்டு. 1937இல் காலமான இசையமைப்பாளர் கெர்ஷ்வின் இனிக் கல்லறையில் சும்மா படுத்திருக்கச் சாக்கில்லை; பியானோவை இறக்கிக் கொடுப்பதுதான் பாக்கி.

1928ஆம் ஆண்டு மிக்கி எலியும் 2023 முடியும்வரை பத்திரமாக டிஸ்னியின் மடியில் இருந்தது. அனாதையாக விட மனம் வருமா?

அதே டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் ‘ஸ்னோ ஒயிட்’. கதை, கிரிம் சகோதரர்கள் தொகுத்தது. ராயல்டி? அந்தக் கதை அப்போது பொதுச்சொத்து.